குடும்பம் சரியில்லை

புதுச்சேரி அரசுப் பள்ளியில் படிக்கிற ஒரு தலித் பிள்ளை தேர்வில் தோற்றால், ஏன் தோற்றது என்று யாரும் மண்டையைக் குழப்பிக்கொள்வதில்லை. "வீட்டுல சரியில்லைங்க" என்று ஒரு குரல் வரும். "ஆமாங்க, அப்பன் குடிகாரன்" என்று இன்னொரு குரல் அதற்குத் தாளம் போடும். விசாரணை முடிந்தது, தீர்ப்பும் ஆனது. கணக்கு வாத்தியார் பணியிடம் எத்தனை மாதமாகக் காலியாகக் கிடக்கிறது, ஆய்வுக்கூடத்துப் பூட்டு கடைசியாக எப்போது திறந்தது, புத்தகம் எந்த மாதம் கைக்கு வந்தது என்று கேட்கிறவன் அந்தக் கூட்டத்தில் விவரம் கெட்டவன். அப்பன் குடிக்கிறான், அல்லது ஓடிப்போனான், அல்லது செத்துப்போனான். அம்மா வேலைக்குப் போகிறாள். பாட்டி வளர்க்கிறாள். பிறகு பிள்ளை எப்படிப் படிக்கும்?

பத்தாம் வகுப்பு வரை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளைகளைப் பதினொன்றில் மத்திய வாரியப் பாடத்துக்குள் இறக்கிவிட்டது புதுச்சேரி அரசு. 2023இல் நடந்தது இது. பாடம் சொல்லித் தருகிறவருக்கே பாடம் புதிது. அந்தப் பிள்ளைகள் தடுமாறினால் அதற்கும் குடும்பம்தான் காரணமாம். பாடத்திட்டத்தை மாற்றிய கோப்பில் எந்தக் குடிகார அப்பன் கையெழுத்துப் போட்டான் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

இதை ஆராய்ச்சியாகவே செய்கிறவர்களும் ஊரில் உண்டு. குளிரூட்டிய அரங்கம், பின்னால் பேனர், முன்னால் குத்துவிளக்கு. பேச வருகிறவர்களில் ஒருவர்கூட ஆதிதிராவிடர் நலத்துறை விடுதியில் ஓர் இரவு படுத்து எழுந்தவராக இருக்க மாட்டார். கொசு கடித்தால் நடுநிலைமை போய்விடும் என்ற பயமாக இருக்கலாம். ஒருவர் எழுந்து, ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களில் கற்றல் அடைவு குறைகிறது என்று ஆரம்பிப்பார். கைதட்டல். அவருக்குப் பின்னால் சுவரில் அரவிந்தரும் பாரதியும் சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்த இருவரின் குடும்பப் பின்னணியைக் கொஞ்சம் பார்க்கலாம். அரவிந்தரை 1879இல், ஏழு வயதில், அண்ணன்மாரோடு இங்கிலாந்தில் கொண்டுபோய் விட்டார்கள். அம்மாவுக்கு மனநோய். அப்பா அனுப்ப வேண்டிய பணம் ஒழுங்காக வராமல், பிள்ளைகள் அரைவயிற்றோடு கிடந்த காலமும் உண்டு. பதினான்கு ஆண்டுகள் கழித்து அவர் திரும்பியபோது அப்பா உயிரோடு இல்லை. பாரதிக்கு ஐந்து வயதில் அம்மா போனாள், பதின்ம வயது முடியும் முன்பே அப்பா போனார். காசியில் அத்தை வீட்டில் வளர்ந்தார். இந்த இரண்டு பையன்களும் இன்று நம் அரசுப் பள்ளியில் சேர்ந்தால் வகுப்பாசிரியர் பதிவேட்டில் சிவப்பு மையில் குறித்துவைப்பார்: கவனிப்பாரற்ற குடும்பம், தேறுவது கடினம். மராட்டிய மண்ணில் சின்ன வயதிலேயே தாயைப் பறிகொடுத்து அத்தையிடம் வளர்ந்த பீம்ராவுக்கும் அதே குறிப்புதான். வகுப்பறையில் தான் உட்காரக் கோணிப்பையை வீட்டிலிருந்து கொண்டுபோன பிள்ளை அவர். கோணிப்பையைப் பற்றிக் கேட்காதீர்கள், அது ஆய்வின் வரம்புக்குள் வராது. அம்மா இல்லை என்பது மட்டும் வரும்.

"அவங்கள்லாம் மேதைங்க, அது வேற" என்பார்கள். சரி, மேதைகளை விட்டுவிடுவோம். இந்த ஊர் சொல்தா குடும்பங்களை எடுத்துக்கொள்வோம்.

பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோனுக்கும் அல்ஜீரியாவுக்கும் போனவர்களைப் புதுச்சேரிக்காரர்கள் சொல்தா என்றுதான் சொல்வோம். மனைவியும் பிள்ளைகளும் இங்கே, மனிதர் கடலுக்கு அப்பால். வருடக்கணக்கில் அப்பா என்பவர் ஒரு கடிதம், ஒரு புகைப்படம், ஒரு மணியார்டர். பாட்டி வளர்த்தாள், அம்மா அடித்துப் படிக்கவைத்தாள். அந்த வீடுகளைப் பார்த்து 'சிதைந்த குடும்பம்' என்று யாராவது கட்டுரை வாசித்தார்களா? தெருவே எழுந்து நின்று வணக்கம் வைத்தது. முதலில் பிராங்க் வந்தது, இப்போது யூரோ வருகிறது. அப்பா ஊரில் இல்லை, அவர் சம்பளம் ஊரில் இருந்தது. சொல்தாக்களில் தலித்துகளும் நிறையப் பேர். ஓய்வூதியம் வந்துசேர்ந்த வீட்டுப் பிள்ளை, 1826இலிருந்து நடக்கிற லிசே பிரான்சே பள்ளிக்குள் நடந்துபோனது. சொல்தாவின் கூடப்பிறந்தவன் வீடாக இருந்தாலும், பிராங்க் வராத வீட்டுப் பிள்ளை செங்கல் சூளைக்கு நடந்துபோனது. இரண்டு வீட்டிலும் ஆம்பிளை இல்லை.

இதையே இன்றைய கணக்கில் பாருங்கள். ரெட்டியார்பாளையத்தில் மாடி வீடு, அப்பா துபாயில், வருடத்துக்கு ஒரு மாதம் வருவார்: அது 'தியாகம்'. அப்பா கப்பலில்: அது 'வேலைப் பொறுப்பு'. அப்பா, அம்மா இருவரும் வெளிநாட்டில், பிள்ளை ஊட்டிக்குப் பக்கத்து லவ்டேல் மாதிரி ஒரு விடுதிப் பள்ளியில், மலைக்காற்றில்: அது 'தனித்து நிற்கும் பயிற்சி'. அப்பா திருப்பூரில் சாயப்பட்டறையில், அம்மா ஓட்டலில், பிள்ளை ஆதிதிராவிடர் விடுதியில்: குடும்பம் சரியில்லை. அப்பன் வீட்டில் இல்லாதது குறையா பெருமையா என்பதை அவன் அனுப்புகிற பணத்தின் கனமும் அவன் சாதியும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இதைக் கண்டுபிடிக்க ஆய்வு நிதி தேவையில்லை. ஒரு பள்ளிக்கூட வாசலில் அரை மணி நேரம் நின்றால் போதும்.

இந்தச் சரக்கு நம்மூரில் விளைந்ததும் இல்லை. அமெரிக்காவில் இதற்குப் பெரிய வம்சாவளி உண்டு. நாங்கள் பிரெஞ்சுக்காரனிடமிருந்து விடுபட்ட அதே 1954இல், மே மாதம், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வைப்பது சட்டவிரோதம் என்று அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று வருடம் கழித்து, லிட்டில் ராக் ஊரில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுபோய்விடப் படையை அனுப்ப வேண்டியிருந்தது. துப்பாக்கிக்காரர்கள் காவல் நிற்க வகுப்புக்குப் போன பிள்ளைகள் அவர்கள். பள்ளிக்கு வெளியே காறித் துப்பக் காத்திருந்தவர்களின் குடும்பச் சூழல் பற்றி யாரும் ஆராயவில்லை.

1965 மார்ச்சில் அமெரிக்கத் தொழிலாளர் துறையில் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் என்ற அதிகாரி ஓர் அறிக்கை எழுதினார். கறுப்பினக் குடும்பம் சிதைகிறது, தகப்பன் இல்லாத வீடுகள் பெருகுகின்றன, பெண்கள் குடும்பத்தை நடத்துகிறார்கள், பிள்ளைகள் அதனால் பின்தங்குகிறார்கள் என்பது அதன் சாரம். கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தை திருமணத்துக்கு வெளியே பிறக்கிறது என்று கணக்கு காட்டினார். நியாயமாகச் சொன்னால், ஆண்களுக்கு வேலை இல்லாததே இதற்குப் பெரிய காரணம் என்றும், அடிமை முறை போட்ட காயம் என்றும் அதே அறிக்கையில் எழுதியிருந்தார். படித்தவர்கள் அந்தப் பக்கங்களை மட்டும் லாகவமாகத் தாண்டிப் போனார்கள். வேலை கொடுக்கச் செலவாகும், குடும்பத்தைத் திட்டச் செலவே இல்லை. 1971இல் வில்லியம் ரயான் என்ற உளவியலாளர் இந்தத் தந்திரத்தை வைத்து ஒரு புத்தகமே எழுதினார்: அடிபட்டவனைப் பார்த்து, உன் உடம்பில் ஏதோ கோளாறு, இல்லாவிட்டால் அடி இப்படி வலிக்குமா என்று கேட்கிற தந்திரம்.

மொய்னிஹனைப் பற்றி இன்னொரு விவரம். அவருக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். நியூயார்க் தெருவில் காலணிக்கு மெருகு போட்டவர் அவர். அப்பன் இல்லாத அந்தப் பையன் ஹார்வர்டில் பேராசிரியர் ஆனார், பிறகு செனட்டர் ஆனார், நடுவில் 1973 முதல் 1975 வரை இந்தியாவுக்கான அமெரிக்கத் தூதராக டெல்லியிலும் இருந்தார். அவர் கொள்கைக்கு அவரே மறுப்பு. வெள்ளைத்தோல் என்றால் அப்பன் இல்லாதது வாழ்க்கை வரலாற்றில் ஓர் உருக்கமான அத்தியாயம். கறுப்புத்தோல் என்றால் அரசாங்க அறிக்கை. இன்று அமெரிக்க வெள்ளையரிடமே திருமணத்துக்கு வெளியே பிறக்கிற குழந்தைகளின் விகிதம், 1965இல் கறுப்பினத்தவரைப் பார்த்துக் கன்னத்தில் கைவைத்த அந்த விகிதத்தைத் தாண்டிவிட்டது. தொழிலாளர் துறை இதற்கொரு அறிக்கை போட்டதாகத் தெரியவில்லை.

நம்மை ஆண்ட பிரான்சையே பாருங்களேன். அங்கே பிறக்கிற குழந்தைகளில் பாதிக்கு மேல் தாலி, மோதிரம் எதுவும் இல்லாத வீடுகளில்தான் பிறக்கின்றன. நம் ஆராய்ச்சியாளர்கள் சொல்வது நிஜமென்றால் பாரிஸ் இந்நேரம் எழுத்தறிவு இல்லாமல் கிடக்க வேண்டும். அவர்களோ தங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பத் தூதரக வாசலில் காலை ஏழு மணிக்கே வரிசை போடுகிறார்கள்.

குடும்பத்தைத் திருத்தினால் எல்லாம் சரியாகும் என்பதை இந்த ஊர் ஒரு தடவை சோதித்தும் பார்த்திருக்கிறது. 1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. சொந்தச் சாதிமுறைச் சட்டத்தைத் துறந்துவிட்டு பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம். குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ளலாம். கல்யாணம், சொத்து எல்லாம் பாரிஸ்காரனுக்கு உள்ளது போலவே. காலணி போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வரக்கூடாது என்று விரட்டப்பட்டு, பிரான்சின் மேல் நீதிமன்றம் வரை போய் ஜெயித்த வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, லாபோர்த் என்று பெயர் வைத்துக்கொண்டு முன்னால் நின்றார். ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து ஏராளமானோர் பின்னால் போனார்கள். பெயர் மாறியது, குடும்பச் சட்டம் மாறியது, ஒருவனுக்கு ஒருத்தி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. இதைவிட ஒழுங்கான குடும்பம் எங்கே கிடைக்கும்? 1884இல் அவர்களுக்கென்று தனி வாக்காளர் பட்டியல் போட்டார்கள். ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவர்களுக்கு ஒன்று, மற்ற இந்தியருக்கு ஒன்று. அதற்கும் நூறு வருடத்துக்கு மேல் முன்னால், 1745இல், மாதா கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவரால் நடந்த ரகளையை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஞானஸ்நானம் வாங்கினாலும் சுவர், சிவில் சட்டம் வாங்கினாலும் பட்டியல். குடும்பம் சரியாக இருந்து என்ன கண்டார்கள்?

சரி, குடிக்கு வருவோம். அதைத்தான் அதிகம் பேசுகிறார்கள்.

அப்பன் குடிப்பது பிள்ளையைப் பாதிக்கவே செய்யும். மறுக்கிறவன் குடிகாரன் வீட்டில் ராத்திரி இருந்து பார்த்திருக்க மாட்டான். தட்டு பறக்கும், புத்தகம் கிழியும், நோட்டு வாங்க வைத்த காசு போகும். ஆனால் அந்தச் சாராயம் எங்கிருந்து வருகிறது? கள்ளக்கடத்தலிலா? வில்லியனூருக்குப் பக்கத்தில் அரியப்பாளையத்தில் புதுச்சேரி அரசின் சொந்த வடிசாலை இருக்கிறது. அரசு நிறுவனம், அரசு அதிகாரிகள், அரசு முத்திரை. தமிழ்நாட்டில் சாராயத்துக்குத் தடை, இங்கே அதை அரசே வடித்து, அரசே கடையை ஏலம் விட்டு, அரசே கலால் வருமானத்தை எண்ணிக்கொள்கிறது. வரவு செலவுத் திட்டத்தில் அது அப்பழுக்கற்ற வருவாய். அதைக் குடித்தவன் வீட்டுக்குப் போனதும் அது 'குடும்பப் பிரச்சினை' ஆகிவிடுகிறது. கலால் துறை வாங்கிய காசில் கல்வித் துறை சம்பளம் வாங்கி, அந்தச் சம்பளத்தில் வந்த அதிகாரி மேடையேறி, குடிகார அப்பனால் பிள்ளை கெடுகிறது என்று கண்ணீர் விடுகிறார். இந்த நாட்டில் அங்கதம் எழுதுகிறவனுக்கு வேலையே இல்லாமல் செய்துவிடுகிறார்கள்.

அந்த அப்பன் முன்பு என்ன வேலை பார்த்தான் என்று கேட்டால் கதை இன்னும் ருசியாக இருக்கும். முதலியார்பேட்டையில் 1898இல் தொடங்கிய ஆலை, ரோடியர் மில் என்று பெரியவர்கள் இன்னும் சொல்கிற ஏ.எஃப்.டி. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு மூன்று ஷிப்டு சோறு போட்டது. இந்த ஊர் மில் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலைக்காகத் தெருவில் நின்றபோது, 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசு சுட்டது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். அவர்கள் ரத்தத்தால் வந்தது எட்டு மணி நேரம். எட்டு மணி நேரம் என்றால் என்ன தெரியுமா? ஆம்பிளை பொழுதோடு வீட்டுக்கு வருவான், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்கும். நம் ஆராய்ச்சியாளர்கள் ஏங்குகிற குடும்பம் அதுதானே? அந்த மில்லை 1980களில் அரசு ஏற்றது, 2011 தானே புயல் கூரையைப் பெயர்த்தது, அதற்குப் பிறகு இழுத்துப் பறித்து 2020 ஏப்ரல் 30 அன்று இழுத்து மூடியே விட்டார்கள். சுதேசி, பாரதி மில்களுக்கும் அதே கதி. துணி நெய்த ஆலைகளை மூடிய அரசு, சாராயம் வடிக்கிற ஆலையை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டது. வேலை போனவன் மூன்று கடை தள்ளிப் போனால் சாராயம் கிடைக்கும். மூன்று மாதம் அலைந்தாலும் நிரந்தர வேலை கிடைக்காது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக்காரனிடம் பன்னிரண்டு மணி நேரம், நாளை வேலை உண்டா என்பது நாளைக்குத்தான் தெரியும். பன்னிரண்டு பேர் செத்து வாங்கிய எட்டு மணி நேரம் ஒப்பந்தக்காரன் ஜேபிக்குள் போய்விட்டது.

அப்பனை முடித்தாயிற்று. இனி அம்மா.

"அம்மாவும் கவனிக்கறதில்லைங்க, எப்பப் பாரு வெளியதான்." எங்கே வெளியே? பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே. பிரெஞ்சுக்காரன் காலத்தில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கறுப்பு நகரம், அந்தப் பக்கம் வெள்ளை நகரம். இப்போது வெள்ளை நகரத்தைப் பலகை வைத்து விற்கிறார்கள். பெங்களூரிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி கட்டி வருகிறவர்கள், மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் பின்னால் தெரிய ரொமேன் ரோலன் வீதியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வீதி அத்தனை சுத்தமாக இருப்பது எப்படி? விடியற்காலை ஐந்து மணிக்கு, பிள்ளை தூங்கும்போதே கிளம்பி வந்த பெண் கூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். பிறகு விடுதி அறை, போர்வை உதறல், கழிவறை. மதியம் இரண்டு வீட்டுப் பாத்திரம். ராத்திரி ஒன்பதுக்குத் திரும்பினால் பிள்ளை தூங்கிவிட்டிருக்கும், அல்லது தெருமுனையில் இருக்கும். அவள் துடைத்த மேசையில் காபி குடித்தபடி ஒருவர் சொல்கிறார், இந்த அம்மாக்களுக்குப் பொறுப்பு பத்தாது என்று. அவள் கூலியில் வருங்கால வைப்பு நிதி பிடித்ததாக ஒப்பந்தக்காரன் சொல்கிறான், கட்டினானா என்பது அவனுக்கும் கடவுளுக்கும் தெரிந்தது. அவன் குடும்பம் நல்ல குடும்பம். பிள்ளைகள் நன்றாகப் படிக்கின்றன.

பெற்றோர் கூட்டம் என்று அழைப்பு வரும். வேலை நாளில், காலை பத்தரை மணி. போனால் ஒரு நாள் கூலி போகும். போகாவிட்டால் 'அக்கறையற்ற பெற்றோர்'. கூலியை விட்டுவிட்டு ஓடி வந்து நின்றால் கேள்வி தயாராக இருக்கும்: "ஏம்மா, அப்பா வரலையா?"

இந்த "அப்பா வரலையா"தான் வட்டாட்சியர் அலுவலகத்தில் முழு உருவம் எடுக்கிறது. பள்ளிக்கூடத்தில் அது வெறும் கேள்வி. அங்கே அது சட்டம்.

புதுச்சேரியில் பட்டியல் சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால் 1964 மார்ச் 5 என்ற தேதியை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். குடியரசுத் தலைவர் ஆணை வந்த நாள். அதற்கு முன்பே குடும்பம் இந்த மண்ணில் குடியிருந்ததா என்பதற்குக் காகிதம் வேண்டும். இருந்தால் நீங்கள் பூர்வீகம், இல்லாவிட்டால் வந்தேறி. புதுச்சேரி ஒரே நிலமாகவா இருக்கிறது? பாகூருக்கும் நெட்டப்பாக்கத்துக்கும் போகிற வழியில் தமிழ்நாடு வரும், புதுச்சேரி வரும், மறுபடி தமிழ்நாடு வரும். ஒரே தெருவில் பாதி வீடு அங்கே, பாதி வீடு இங்கே. தீண்டாமைக்கு இந்த எல்லைக்கல் தெரியாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. சலுகைக்கு மட்டும் எல்லை துல்லியமாகத் தெரியும். இதில் முதலில் கேட்பது அப்பாவின் சாதி, அப்பாவின் இருப்பிடம். தாத்தா என்றால் அப்பா வழித் தாத்தா. அம்மா ஒரு தபால்காரி மாதிரி: பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தாள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போகலாம்.

இந்த ஊர் அம்மா ஒருவர் இதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு போகவில்லை. அவர் ஆதிதிராவிடர். கணவர் வேறு சாதி. கல்யாணத்துக்குப் பிறகு கணவரே மனைவியின் பெற்றோர் வீட்டில் வந்து வாழ்கிறார். பிள்ளைகள் பிறந்ததும் வளர்ந்ததும் அம்மா வீட்டுச் சூழலில். இரண்டு பெண், ஒரு பையன். என் சாதியின் அடிப்படையில் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுங்கள் என்று வட்டாட்சியரிடம் விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. அப்பா அந்தச் சாதி இல்லையே!

இதைக் கொஞ்சம் ரசிக்க வேண்டும். வீட்டில் அப்பன் இல்லை, அதனால் பிள்ளை படிக்கவில்லை என்பதுதானே இத்தனை நாள் பாட்டு? இந்த வீட்டில் அப்பா இருக்கிறார். ஓடிப்போகவில்லை. மாமனார் வீட்டிலேயே தங்கிப் பிள்ளைகளை வளர்க்கிறார். நம் கருத்தரங்குக்காரர்கள் கனவு காண்கிற முழுக் குடும்பம். அந்த முழுக் குடும்பத்துக்கு அரசு கொடுத்த பரிசு, இந்த அப்பா சரியான அப்பா இல்லை என்ற பதில். அப்பா இல்லாவிட்டால் குடும்பம் சரியில்லை, அப்பா இருந்தால் அப்பா சரியில்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்துப் படம் பிடிப்பதும் இதே அரசாங்கங்கள்தான். படம் பிடித்தவுடன் தம்பதியர் மேடையை விட்டு இறங்கிவிட வேண்டும், பிள்ளை பெற்றுக்கொண்டு வரிசையில் வந்து நிற்கக் கூடாது.

சாதி மாறிய கல்யாணத்துப் பிள்ளைக்கு அப்பா சாதிதான் என்று முன்கூட்டியே முடிவு கட்ட முடியாது, பிள்ளை யார் சூழலில் வளர்ந்தது, என்ன இழிவுகளைச் சந்தித்தது என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2012இலேயே, குஜராத் வழக்கு ஒன்றில், சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு புதுச்சேரி வட்டாட்சியர் அலுவலகப் படியேற எத்தனை வருடம் பிடிக்கும்? அந்தத் தாய் சென்னை உயர் நீதிமன்றம் போனார். மகளின் படிப்புக்காகச் சான்றிதழ் கொடு என்று நீதிமன்றம் சொன்னது. அதோடு விட்டார்களா? எதிர்ப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 டிசம்பரில் தலைமை நீதிபதி சூர்ய காந்தும் ஜாய்மால்யா பாக்சியும் இருந்த அமர்வு அந்த உத்தரவில் தலையிட மறுத்தது. சான்றிதழ் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் எதிர்காலம் பாழாகும் என்று பார்த்தது. காலம் மாறுகிறது, தாயின் சாதியை வைத்துக் கொடுத்தால் என்ன என்கிற ரீதியில் தலைமை நீதிபதியே கேட்டார். ஆனால் சட்டக் கேள்வியை முடிக்கவில்லை, திறந்தே வைத்துவிட்டார்கள். அதாவது அந்தப் பிள்ளைக்குக் கதவு திறந்தது, அடுத்த பிள்ளை மறுபடி முதல் மணியிலிருந்து அடிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று தான் யார் வீட்டில் வளர்ந்தேன் என்று நிரூபிக்க டெல்லிக்குப் போக வேண்டியிருக்கிறது. கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் கலந்தாய்வு இதற்கெல்லாம் காத்திருக்காது. பட்டியல் சாதிக்கு 16 சதவீத இடம் என்று விளக்கக் குறிப்பில் இருக்கும், சான்றிதழைக் குறிப்பிட்ட தேதிக்குள் ஏற்றாவிட்டால் அந்த இடம் அடுத்தவனுக்கு. நீதி கிடைக்கும்போது படிப்பு முடிந்திருக்கும், வேறொருவனுடைய படிப்பு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023இல் வந்தது. நல்லது, தாமதமானாலும் வந்தது. இருளர் பிள்ளைகளுக்கோ இன்னும் கொடுமை: புதுச்சேரிக்குப் பழங்குடிப் பட்டியலே கிடையாது. அந்தச் சான்றிதழ் கேட்கக்கூட வழியில்லாதவர்களைப் பார்த்தும் ஒருவர் சொல்லியிருப்பார், அவர்கள் வீட்டில் படிப்பு ஆர்வமே இல்லை என்று.

பணம் கொடுக்கும்போது மட்டும் இந்த அரசுக்கு அம்மா கண்ணில் படுவாள். 2023இல் குடும்பத் தலைவிக்கு மாதம் 1000 ரூபாய் என்று திட்டம் தொடங்கினார்கள். அட்டையில் அவள் பெயர், விழாவில் அவள் கும்பிடு. தேர்தல் வந்தால் குடும்பத்துக்குத் தலைவி உண்டு. அடுத்த நாள் அதே பெண் பிள்ளையின் சான்றிதழுக்கு வந்து நின்றால் தலைமை பறிபோய்விடும். "நீங்க அம்மாங்க, அது சரி. அப்பா பக்கத்துப் பேப்பர் எங்க?"

நானும் ஆராய்ச்சிக்கு எதிரி இல்லை. குடும்பத்தை நன்றாக ஆராயுங்கள். எந்தக் குடும்பம் எத்தனை தலைமுறையாக எந்தச் சாதிச் சங்கத்தின் தலைவராக இருக்கிறது, எந்த மாமா எந்த அலுவலகத்தில் உட்கார்ந்து எந்த மருமகனின் கோப்பை நகர்த்துகிறார், எந்த அப்பா நீட் பயிற்சிக்கு எத்தனை லட்சம் கட்டினார், அந்த லட்சம் எங்கிருந்து வந்தது, எந்தச் சித்தப்பா தனியார் மருத்துவக் கல்லூரி நடத்துகிறார் என்றெல்லாம் தோண்டுங்கள். குடும்ப அமைப்புக்கும் கல்வித் தேர்ச்சிக்கும் உள்ள உறவு அங்கேதான் சூடாகக் கிடைக்கும். கேள்வித்தாளோடு அந்த வீடுகளின் மணியை அடியுங்கள், நாயை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சேரி வீட்டுக்குள் மட்டும் செருப்போடு நுழைந்து, அப்பன் குடிப்பானா, அம்மா எத்தனை மணிக்கு வருவாள், எத்தனை அறை, எத்தனை பேர் என்று கேட்டு, நன்றிகூடச் சொல்லாமல் எழுந்துபோகிற ஆராய்ச்சியை எத்தனை நாள் நடத்துவீர்கள்?

அடுத்த கருத்தரங்குக்கு இடம் தேடுவதாகச் சொன்னால் நான் ஓர் இடம் சொல்கிறேன். கடற்கரைச் சாலை ஓட்டலெல்லாம் வேண்டாம். அரியப்பாளையம் வடிசாலை வளாகத்திலேயே வையுங்கள். அரசு இடம், அரசு விருந்தினர், விஷயமும் கையருகே. கலால் துறை தலைமை தாங்கட்டும், கல்வித் துறை வரவேற்கட்டும், மூடிய மில்லுக்குப் பொறுப்பாக இருந்த துறை வாழ்த்துரை வழங்கட்டும், வருவாய்த் துறை வாசலில் மேசை போட்டு உள்ளே வருகிறவர் ஒவ்வொருவரிடமும் 1964 மார்ச் 5க்கு முந்தைய அப்பா ஒருவரைக் காட்டச் சொல்லட்டும். அது இல்லாதவர்களுக்கு மதியச் சாப்பாடு கிடையாது.